டீயும் பொறையும் நாற்பத்தாறு யூனிட்டும்

வாக்குமூலம் கொடுப்பவர்: ராஜாமணி, வயது 51, கணவர் பெயர் லூர்துசாமி, மாதா கோயில் தெரு, கடலூர் முதுநகர். படிப்பு எட்டாம் வகுப்பு. வீட்டு வேலை. நாள் 24.03.2025 திங்கட்கிழமை, காலை 10.20 மணி. ஆய்வாளர் முன்னிலையில் எழுதியவர்: தலைமைக் காவலர் தாண்டவராயன்.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவர் லூர்துசாமி, வயது 56, என்பவருடன் குடியிருக்கிறேன். நாங்கள் கத்தோலிக்கர். ஒரே மகளைப் பண்ருட்டியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். என் கணவர் மீன் வியாபாரி இளவரசு என்பவரிடம் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறார். துறைமுகத்தில் மீன் பெட்டியும் ஐசும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வருவது அவர் வேலை. இருபத்தொரு வருடமாக ஓட்டுகிறார். இதற்கு முன் அவர் மேல் கேஸ் எதுவும் இல்லை.

14.03.2025 வெள்ளிக்கிழமை காலை ஆலப்பாக்கம் தாண்டி என் கணவர் வண்டியை ஒரு டிபன் கடைக்குள் விட்டதற்கு, குடித்துவிட்டு ஓட்டினார் என்றும், கருவியில் ஊத மறுத்தார் என்றும் கேஸ் எழுதி, லைசென்சை வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர் குடிக்கவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் நானாகவே வந்தேன். வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல ஆரம்பித்துவிட்டதால் எழுதுகிற ஏட்டு ஐயா, "யம்மா, பஸ்ஸ புடிக்கப் போற மாதிரி பேசாத, தேதி வாரியா சொல்லு" என்றார். ஆகவே தேதி வாரியாகச் சொல்கிறேன்.

எனக்கு நோட்டு எழுதும் பழக்கம் உண்டு. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், குழாயில் தண்ணீர் வராத நாள், புயலுக்கு ஓடு பறந்த நாள், எல்லாம் தேதி போட்டு எழுதுவேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் கணவருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதற்கென்று தனி நோட்டு போட்டிருக்கிறேன். மாத்திரைக் காகிதத்தில் உள்ளதையும், ஊசிப் பெட்டிக்குள் இருக்கிற சீட்டையும் எழுத்துக் கூட்டிப் படித்து அர்த்தம் எழுதி வைப்பேன். மேற்படி நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது.

18.11.2024 திங்கட்கிழமை அப்போது பார்த்துவந்த டாக்டர், மாத்திரை மட்டும் போதாது என்று இரவு ஊசி எழுதினார். இருபத்து நாலு மணி நேரமும் மெதுவாக வேலை செய்கிற இன்சுலின் அது, சாப்பாட்டுக்குப் போடுகிற வகை வேறு என்று சொன்னார். ஒரு தாளில், "இரவு 14 யூனிட். தினம் காலை வெறும் வயிற்றில் பார்க்கவும். 110-க்கு மேல் இருந்தால் வாரம் 2 யூனிட் கூட்டவும். ஒரு மாதம் கழித்து வரவும்" என்று எழுதிக் கொடுத்தார். எதுவரைக்கும் கூட்டலாம் என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து நாங்கள் போகவில்லை. டிசம்பரில் மீன் வரத்து ஜாஸ்தி, லீவு கிடைக்கவில்லை. ஜனவரியில் போனபோது அந்த டாக்டர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். தாள்தான் இருக்கிறதே என்று வந்துவிட்டோம். இது எங்கள் தப்பு, எழுதிக்கொள்ளவும்.

நான் அந்தத் தாளை மாதா படத்துக்குக் கீழே ஒட்டி வைத்து, அதில் உள்ளபடியே செய்தேன். ஊசி போட்டது ஒவ்வொரு இரவும் என் கைதான். காலையில் பார்த்தால் 148, 152, 139, 155 என்றே வந்துகொண்டிருந்தது. ஆகவே திங்கட்கிழமை தோறும் இரண்டு யூனிட் கூட்டினேன். 16, 18, 20 என்று ஏறி, 20.01.2025 அன்று 32, 10.03.2025 அன்று 46. எண் இறங்காததால் எனக்கு ஆத்திரம்கூட வந்தது. பிப்ரவரியில் கோயில் மண்டபத்தில் நடந்த முகாமில் மூன்று மாதச் சராசரி பார்த்தார்கள். 9.2 என்று வந்தது. இவ்வளவு ஊசி போட்டும் இறங்கவில்லையே என்று இன்னும் கண்டிப்பாகக் கூட்டினேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் காலை நேரத்தைச் சொல்ல வேண்டும். கேஸே அதில்தான் இருக்கிறது. என் கணவர் நாலரை மணிக்கு எழுந்திருப்பார். எழுந்ததும் பெரிய டம்ளரில் டீ. சர்க்கரை ஒன்றரை ஸ்பூன், "அதுவும் இல்லன்னா எதுக்குடி எழுந்திருக்கணும்" என்பார். கூடவே பொறை என்கிற காய்ந்த ரொட்டி இரண்டு, தொட்டுத் தின்ன. அவர் அதைக் குடிக்கும்போது நான் மாதா படம் இருக்கிற பீடத்தின் முன் முழங்கால் போட்டு, செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டி செபம் சொல்லுவேன். அரை மணி ஆகும். செபம் முடிந்ததும் சர்க்கரை பார்க்கிற கருவியை எடுத்து அவர் விரலைக் குத்திப் பார்ப்பேன். அதன் பிறகுதான் இட்லியோ பழையதோ. டீயையும் பொறையையும் நாங்கள் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்வதே இல்லை. எங்கள் தெருவில் யாரும் சேர்க்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் டீயும் பொறையும் சாப்பிட்டுவிட்டு, ஒன்றுமே சாப்பிடாமல் போனார் என்றுதான் சொல்வோம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்படி இல்லை. ஐந்தரை மணி முதல் பூசை. பூசையில் கொடுக்கிற நற்கருணை அப்பத்தை வாங்குகிற வரைக்கும் நாக்கில் தண்ணீர் தவிர ஒன்றும் படக்கூடாது என்பது நான் வளர்ந்த முறை. இப்போது ஒரு மணி நேரம் போதும் என்று சாமியாரே சொல்லிவிட்டார், நான்தான் விடவில்லை. ஆகவே ஞாயிறு டீ கிடையாது, எழுந்ததும் குத்திப் பார்த்துவிட்டுக் கிளம்புவோம். அன்றைக்கு மட்டும் எண் அழகாக வரும். 26.01 அன்று 98. 09.02 அன்று 88. 23.02 அன்று 79. 09.03 அன்று 70. ஆண்டவருடைய நாளில் சர்க்கரையும் அடங்கியிருக்கிறது என்று நான் மகிழ்ந்து, அந்த எண்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் சின்னச் சிலுவை போட்டு வைத்தேன். வாரக் கணக்குப் பார்க்கும்போது ஞாயிறை விட்டுவிடுவேன். அருளால் வந்த எண்ணை மருந்துக் கணக்கில் சேர்ப்பது சரியில்லை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

பிப்ரவரியிலிருந்து அவருக்குத் தலையணை உறை காலையில் ஈரமாக இருக்கும். வாரத்துக்கு இரண்டு மாற்றினேன். எழுந்தால் தலைவலி என்பார். ஞாயிறு பூசையில் பிரசங்கம் நடக்கும்போது ஃபேனுக்குக் கீழேயே உட்கார்ந்து வேர்ப்பார், கொட்டாவி விடுவார். 23.02 அன்று செருப்பு விடுகிற இடத்தைப் பற்றி சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரிடம் சண்டைக்குப் போனார். அவர் யாரிடமும் சண்டைக்குப் போகிறவர் இல்லை. பூசை முடிந்து வாசல் கடையில் பன்னும் டீயும் சாப்பிட்டதும், எல்லாம் மறந்துபோய், "பிரசங்கம் அவ்ளோ நீளம் போனா யாருக்குத்தான் வேர்க்காது, சாமியாருக்கே வேர்த்துச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். தேதி போட்டு எழுதி வைத்தேன், ஆனால் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதினேன்.

05.03.2025 விபூதிப் புதன். அதிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் தவசு காலம். அந்தப் புதனும் பிறகு வருகிற வெள்ளிக்கிழமைகளும் எங்களுக்கு ஒருசந்தி, அதாவது மத்தியானம் ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. காலையில் டீயும் இல்லை. விபூதிப் புதன் காலை 76. முதல் வெள்ளி 71. அன்று சிதம்பரம் போகிற வழியில் தலை சுற்றி வண்டியை ஓரம் கட்டி, பக்கத்துச் சீட்டில் கிடந்த கடலை மிட்டாயைத் தின்றதாகவும், ஒருசந்தியை முறித்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததாகவும் இப்போதுதான் என்னிடம் சொல்கிறார்.

14.03.2025 இரண்டாம் வெள்ளி. காலை 4.50-க்கு 64. சிலுவை போட்டேன். நன்றி சொன்னேன். அவர் சட்டைப் பித்தானைத் தப்பாக மாட்டியிருந்தார், நானே கழற்றிச் சரியாக மாட்டிவிட்டேன். 5.05-க்குக் கிளம்பினார்.

8.50-க்கு இளவரசு போன் செய்து, "அக்கா, மாமா காலங்காத்தாலயே போட்டுட்டு வண்டிய கடையில வுட்டுட்டாருன்னு சொல்றாங்கக்கா, நீங்க ஒடனே வாங்க" என்றார். நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து சேரும்போது மணி பத்து. என் கணவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது, கூட்டத்தில் யாரோ அறைந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "நான் குடிக்கலடி" என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. துறைமுகத்தில் ஐஸ் ஏற்றியது தெரிகிறது, பிறகு வாயில் இனிப்பாக டீ இருந்தது தெரிகிறது, நடுவில் ஒன்றும் இல்லை என்றார். விரல் ரேகை எடுக்கும்போது, இதென்ன விரல் எல்லாம் ஓட்டை என்று ஒருவர் கேட்டார். அவை நான் குத்தியவை.

அதன் பிறகு 11.20-க்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அதன் முடிவு இன்றுவரை வரவில்லை. சர்க்கரையும் பார்த்தார்கள், 152. "சர்க்கரை கொறையல, நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். இளவரசு ஜாமீன் நின்று சாயங்காலம் அழைத்து வந்தோம். அன்று இரவும் தாளில் உள்ளபடி 46 யூனிட் போட்டேன். அதையும் எழுதிக்கொள்ளவும்.

15.03.2025 சனிக்கிழமை காலை நாலரை மணிக்கே என் கணவரின் தம்பி ஆரோக்கியராஜ் வந்துவிட்டார். அவர் துறைமுகத்தில் வலை வேலை பார்க்கிறார். அண்ணனுக்கு முன்னாலேயே என்னைப் பார்த்து, "அண்ணி, நீங்க மோட்சத்துக்குப் போறதுக்கு எங்க அண்ணன பட்டினி போட்டுப் படிக்கட்டு கட்றீங்களா? ஒருசந்தி ஒருசந்தின்னு ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சிட்டீங்களே" என்றார். எனக்கு அது நியாயமாகவும் பட்டது, நியாயமில்லை என்றும் பட்டது. ஒரு வேளை டீ குடிக்காமல் போனால் ஒரு மனிதன் வண்டியைக் கடைக்குள் விடுவானா? தெருவில் எல்லோரும்தான் ஒருசந்தி இருக்கிறார்கள், சர்க்கரைக்காரர்கள் நாலு பேர் இருக்கிறார்கள்.

அதன் பிறகு நான் நோட்டை எடுத்து பீடத்தின் முன் உட்கார்ந்து, சிலுவை போட்ட நாட்களை மட்டும் ஒரு பக்கமாக எழுதினேன். எழுதும்போது பார்த்தால், எல்லாம் டீ இல்லாத நாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. சனிக்கிழமை இரவு கருவியைத் துடைத்து வைக்கும்போது ஒரு தடவை அவருக்குக் குத்திப் பார்ப்பது என் வழக்கம், அந்த எண்ணும் நோட்டில் உண்டு. அதைப் பக்கத்தில் எழுதினேன். 22.02 இரவு 241, மறுநாள் காலை 79. 08.03 இரவு 236, மறுநாள் காலை 70. ஒரே இரவில், தூக்கத்தில், நூற்று அறுபத்தாறு இறங்கியிருக்கிறது. இராத்திரிச் சோற்றால் சர்க்கரை மேலே ஏறியிருந்ததால், அது எவ்வளவு அடிக்குப் போகிறது என்று தெரியவில்லை. காலையில் டீ போய் மூடிவிடும். டீ இல்லாத நாளில்தான் அடி தெரிந்தது.

அவருக்கு அப்போதுதான் டீ ஆற்றி வைத்திருந்தேன். ஓடிப்போய் அவர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி, "கொஞ்சம் இருங்க, கைய நீட்டுங்க" என்றேன். ஆரோக்கியராஜ், "இன்னிக்கி சனிக்கிழமை, இன்னிக்குமா?" என்றார். குத்திப் பார்த்தேன். 61. கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று வேர்த்திருந்தது. உடனே டீயைக் கொடுத்து, பொறையும் கொடுத்து, கூட ஒரு ஸ்பூன் சர்க்கரையும் வாயில் போட்டேன். அன்றைக்கு முழங்கால் போடவில்லை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐம்பத்து மூன்று மணியையும் சொன்னேன், எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. முடித்துவிட்டு மறுபடி குத்தினேன். 149.

ஒரே காலை, அரை மணி வித்தியாசம், 61, 149. நாலு மாதமாக நான் பார்த்ததெல்லாம் இந்த 149-ஐத்தான். அதை இறக்குகிறேன் என்று சொல்லி 61-ஐ இறக்கிக்கொண்டிருந்தேன். நான் சத்தமாக, "ஊசி ஜாஸ்தி, ஊசிதான் ஜாஸ்தி" என்று கத்தியதில் பக்கத்து வீட்டில் விளக்கு போட்டார்கள். என் கணவர், "சந்தோஷமா சொல்றியா வருத்தமா சொல்றியா?" என்று கேட்டார். இரண்டும்தான். ஆரோக்கியராஜ் பொறைப் பொட்டலத்தை அண்ணன் பக்கம் தள்ளி வைத்தார்.

அதன் பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. ஆலப்பாக்கம் தாண்டி அந்தக் கடை நிறுத்தத்தில் இறங்கினேன். கடைக்காரர் சௌந்தரம் என்கிற அம்மாள், வயது 60 இருக்கும், இடது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வலது கையால் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். வண்டி இடித்த பெஞ்சு அவர் மணிக்கட்டில் விழுந்து எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. நான் இன்னார் மனைவி என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் காலைப் பார்த்துவிட்டு, "மொதல்ல ஒக்காரு" என்றார். பிறகு அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்:

"எங்க வூட்டுக்காரரு இருவது வருசம் குடிச்சாரு. குடிச்சவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? போலீசுக்காரங்க ஊது ஊதுங்கறாங்க, இந்தாளு கொழந்த மாதிரி பாக்குறாரு, கருவிய தள்ளி வுடுறாரு. கிட்ட போயி மோந்தேன், ஐஸ் மீன் வாடதான் வந்துச்சு. சட்ட புழிஞ்சா தண்ணி வரும், அப்டி ஒரு வேர்வ. என் தம்பிக்கு இப்டித்தான் வரும், அவனும் ஊசி போடுறவன். முழுங்குறாரான்னு பாத்து, நாலு ஸ்பூன் சக்கரைய போட்டு டீ குடுத்தேன். கால் மணி ஆவுல, கண்ண முழிச்சிப் பாத்து, 'பெட்டியில ஐஸ் ஒழுவுதா'ன்னு கேக்குறாரு. சாராயம் அப்டி கால் மணியில எறங்குமாம்மா?"

என் கணவரை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 152 வந்ததற்குக் காரணம் அந்த நாலு ஸ்பூன் சர்க்கரைதான். அவர் உயிரைக் காப்பாற்றிய டீயே சாட்சியை அழித்துவிட்டது. சௌந்தரம் அம்மாள் கேட்டால் வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கையில் அடிபட்டவர் அவர், கேஸ் கொடுக்க வேண்டியவர் அவர். தன் தம்பி பார்க்கிற டாக்டர் வெண்மதி என்பவரின் கிளினிக் சிதம்பரத்தில் எங்கே என்று சொல்லி, தன் செருப்பைக் கழற்றி எனக்குக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

டாக்டர் வெண்மதி நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். சிலுவை எதற்கு என்று கேட்டார், சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அவரு எடை எவ்வளவு?" என்றார். முகாமில் பார்த்தது 62 கிலோ. "இந்த ஊசி கிலோவுக்கு அரை யூனிட்டைத் தாண்டுனாலே நின்னு யோசிக்கணும்மா. அவருக்கு 31. நீங்க ஜனவரி இருபதாம் தேதியே தாண்டிட்டீங்க" என்றார். பிறகு படுக்கும்போது உள்ளதற்கும் எழும்போது உள்ளதற்கும் ஐம்பதுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதுவும் ஒரு அடையாளம் என்றார். தலையணை ஈரம், காலைத் தலைவலி, காரணமில்லாத கோபம், ஊசி கூட்டக் கூட்ட மூன்று மாதச் சராசரி அசையாமல் நிற்பது, எல்லாம் அடையாளம். இராத்திரிச் சோற்றுக்கு ஏறுகிற சர்க்கரையை இந்த ஊசியால் அடக்கப் பார்த்தால் இப்படித்தான் ஆகும், அதற்கு வேறு மருந்து என்றார். நான் இவை எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன். அடையாளம் என்று மட்டும் தெரியாமல் இருந்தது.

நான், "ஒருசந்தியால வந்ததுன்னு சொல்றாங்களே?" என்று கேட்டேன். அதற்கு டாக்டர், இந்த ஊசி போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது, அது தப்புதான் என்றார். அதன் பிறகு, "ஆனா அளவு சரியா இருந்தா, ஒரு வேளை தள்ளிப் போனா சர்க்கரை பெருசா எறங்கக் கூடாது. எறங்குனா ஊசி ஜாஸ்தின்னு அர்த்தம். ஒங்க ஒருசந்தி நோயைக் குடுக்கல, காட்டிக் குடுத்துச்சு" என்றார். அந்த வார்த்தையை நான் அங்கேயே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அன்று இரவிலிருந்து 32 யூனிட். மூன்று நாள் பார்த்துவிட்டு 28. சோற்றுக்குத் தனியாக மாத்திரை. காலையில் டீக்கு முன்னால்தான் குத்த வேண்டும், செபத்துக்கும் முன்னால். வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும், பையில் எப்போதும் சர்க்கரை இருக்க வேண்டும். எங்கள் பங்குச் சாமியாரும் நோயாளிக்கு ஒருசந்தி கடமை இல்லை என்று சொல்லிவிட்டார்.

21.03.2025 வெள்ளிக்கிழமை டாக்டர் என் கணவரைக் கிளினிக்கில் படுக்க வைத்து, பக்கத்தில் நர்சை வைத்துக்கொண்டு, காலை டிபனும் டீயும் கொடுக்காமல் மணிக்கொரு தடவை பார்த்தார். இதை வீட்டில் செய்யக் கூடாது என்று என்னிடம் கண்டித்துச் சொன்னார். ஆறு மணிக்கு 118. ஏழுக்கு 115. எட்டுக்கு 121. போன வெள்ளி ஏழு முப்பத்தைந்துக்கு வண்டி கடைக்குள் போயிருந்தது, ஆகவே எட்டு மணி எண் வருகிற வரைக்கும் நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதுக்கு 112. பத்துக்கு 116. என் கணவர், "ஆஸ்பத்திரிக்கு வந்தும் ஒருசந்தியா, இந்த டாக்டரம்மாவும் கோயிலுக்குப் போறாங்களா?" என்று நர்சைக் கேட்டார். பதினொன்றுக்கு 114. பன்னிரண்டுக்கு 110. வேர்வை இல்லை, கொட்டாவி இல்லை, கோபம் மட்டும் இருந்தது, அது டீக்கான கோபம். நான் ஸ்டூலை விட்டு எழுந்து நர்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் யார் என்றே எனக்குத் தெரியாது. மேற்படி எண்களை டாக்டர் தன் தாளில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதையும் ஒப்படைக்கிறேன்.

ரத்த முடிவு வரும்போது வரட்டும். அதில் சாராயம் இல்லையென்று வந்தாலும், ஊத மறுத்தார் என்று எழுதியது நிற்கும். அவருக்கு ஓட்டத் தெரிந்தது இந்த ரோடு ஒன்றுதான், லைசென்ஸ் போனால் அவர் வீட்டில் உட்கார்ந்து என் செபத்தைக் கேட்க வேண்டியதுதான். அவர் மறுக்கவில்லை. அவரால் முடியவில்லை. அன்று கருவியை நீட்டியவர் இதை எழுதுகிற ஏட்டு ஐயாவேதான். அவர் மேல் எனக்குக் குறை இல்லை. நான் நாலு மாதம் கூடவே இருந்து பார்க்காததை அவர் நாலு நிமிஷத்தில் எப்படிப் பார்ப்பார்? தப்பு யாருடையது என்று எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், டீயைச் சாப்பாட்டில் சேர்க்காதது நான், 64-ஐப் பார்த்து நன்றி சொல்லி வாசல் வரை வந்து அனுப்பியது நான், இரண்டு இரண்டாகக் கூட்டியது என் கை என்று எழுதிக்கொள்ளவும்.

மேலே சொன்னதை ஏட்டு ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன். ஒன்று, "சுமார் 46 யூனிட்" என்று இருந்தது. சுமார் இல்லை, 46. இரண்டாவது, கடைசியில், "என் கணவருக்குக் குடிப்பழக்கம் அறவே கிடையாது" என்று எனக்கு உதவியாக ஒரு வரி சேர்த்திருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். அவர், "இருந்தா ஒங்களுக்குத்தாம்மா நல்லது" என்றார். என் கணவர் 2016 வரைக்கும் குடித்தார். கோணான்குப்பம் மாதா கோயிலில் வேண்டிக்கொண்டு விட்டார். அதன் பிறகு இரண்டு தடவை குடித்திருக்கிறார், 2019-ல் தம்பி கல்யாணத்தன்று, 2022-ல் அவர் அம்மாவை அடக்கம் செய்த அன்று. இரண்டும் நோட்டில் இருக்கிறது. குடித்த நாளை மறைக்காமல் எழுதிய நோட்டு இது, ஆகையால் குடிக்காத நாளையும் அது சரியாகத்தான் சொல்லும்.

இவ்வளவும் எழுதி முடிக்க மணி 1.50 ஆகிவிட்டது. என் கணவர் காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டவர், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பதைப்பாக இருந்ததால் அனுமதி கேட்டு வெளியே போனேன். ஆய்வாளரும் ஏட்டு ஐயாவும் கூட வந்து நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே குத்திப் பார்த்தேன். 113. சட்டை காய்ந்திருந்தது, பித்தான் எல்லாம் சரியாக இருந்தது. என் கணவர் ஏட்டு ஐயாவைப் பார்த்து, "இப்ப வேணா ஊதிக் காட்டட்டா சார்?" என்று கேட்டார். ஏட்டு ஐயா சிரித்துவிட்டு, உள்ளே வந்து, இந்த 113-ஐயும் எழுதிக்கொண்டார். அதன் பிறகு பேனாவை வைத்துவிட்டு, வீட்டில் அவர் தாயாருக்கும் காலையில் வேர்க்கிறது என்றும், எத்தனை யூனிட் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். கேஸுக்குச் சேராதது என்று அதை எழுதாமல் விடப் பார்த்தார். நான் எழுதச் சொன்னதால் எழுதினார்.

இதில் கண்ட எண்ணும் தேதியும் நான் என் கையால் எழுதியவை. சொன்னது எல்லாம் நான் கண்டதும் செய்ததும் காதால் கேட்டதும்தான். யாரும் சொல்லிக் கொடுத்தோ பயமுறுத்தியோ சொல்லவில்லை. படித்துக் காட்டக் கேட்டு, திருத்தி, சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) லூ. ராஜாமணி
24.03.2025, பிற்பகல் 2.05